கம்போடியக் குளக்கரையில்

பனைமரம் யாழ்ப்பாணத்துக்கே உரிய சொத்து என்று எண்ணியிருப்போர் ஒருமுறை கம்போடியா நாட்டுக்குப் போய்வருதல் வேண்டும். அந்நாட்டில் எந்தத் தெருவழியே சென்றாலும் வயல் நடுவிலும் வரம்போரத்திலும் பனைகள் நிரைநிரையாக நிற்கின்றன. அங்கும் பாளை சீவிக் கருப்பநீர் இறக்குகிறார்கள், பனங்கட்டி காய்ச்சுகிறார்கள். நம்மவர் தளைநார் இட்டு ஏறுவர். அவர்களோ கணுவுள்ள நெடுமூங்கிலை மரத்தோடு சேர்த்துக் கட்டி, அதனையே ஏணியாகக் கொண்டு ஏறுகிறார்கள். வேற்றுமை அவ்வளவே.

ஆனால் பனையடியில் நம்மூரிற் கிணறு இருக்கும். அங்கே குளம் இருக்கிறது. ஊருக்கு ஒரு குளம் என்பதன்று, பல இடங்களில் வீட்டுக்கு ஒரு குளம். மாரியில் வெள்ளம் ஏறும் நாடாகையால், வீட்டு நிலத்தை மேடாக்குவதற்கு மண் வெட்டுகிறார்கள். மண் வெட்டிய பள்ளமே பின்னர் குளமாகிவிடுகின்றது. கெமர் மொழியிலே குளத்தைக் குறிக்கும் 'திராபியாங்' என்ற சொல்லோடு தொடங்கும் ஊர்ப்பெயர்கள் ஏராளம். வன்னியிலே குளம் என்று முடியும் ஊர்ப்பெயர்கள் நிறைந்திருப்பது போலத்தான். இவ்வழக்கம் இன்று நேற்று உண்டானதுமன்று. 1296ஆம் ஆண்டில் சீனத் தூதுக்குழு ஒன்றுடன் அங்கோர் நகருக்கு வந்த சூ தாகுவான் என்பவர், அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் குளம் உண்டென்றும், இல்லையேல் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு குளத்தை வைத்திருக்கின்றன என்றும், வெப்பந் தாளாமல் மக்கள் அடிக்கடி அதில் இறங்கிக் குளிக்கின்றனர் என்றும் எழுதிவைத்திருக்கிறார். எழுநூறு ஆண்டுகளின் பின்னரும் அந்தக் குளியல் ஓயவில்லை.

நாம் அந்நாட்டுக்குப் புறப்படுகிறோம் என்று அறிந்ததும் உறவினர் பலர் ஒரே எச்சரிக்கையைத்தான் சொன்னார்கள். "பறவைக் காய்ச்சல் உள்ள தேசமாயிற்றே, தண்ணீரைத் தொடாதேயுங்கோ" என்றார்கள். பறவை பறக்கிறது, குளத்திலே எச்சமிடுகிறது, அந்த நீரை மனிதன் குடிக்கிறான். ஆகவே நோய் வருகிறது. கேட்பதற்கு நேரான கணக்கு. அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டே நாம் தை மாதத்தில் அங்கோர் போய்ச் சேர்ந்தோம்.

அங்கோர் என்ற பெயரே 'நகரம்' என்ற வடசொல்லின் திரிபு. கோயில்களைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஆகையால் நாம் அவற்றை விட்டுவிடுகிறோம். அக்கோயில்களைக் கட்டியோர் வெட்டிய நீர்த்தேக்கங்களுள் மேற்குப் பாராய் என்பது ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர் நீளமும் இரண்டு கிலோமீற்றர் அகலமும் உடையது. பதினோராம் நூற்றாண்டிலே மனிதக் கைகளால் அமைந்த அத்தேக்கத்தின் கரையில் நிற்கையில், இந்நாட்டு வரலாற்றைக் கல்லிலே தேடுவதிலும் நீரிலே தேடுவது பொருத்தம் என்று தோன்றியது.

அங்கிருந்து சிறிது தெற்கே தொன்லே சாப் ஏரி. உலகின் விந்தைகளில் ஒன்றென்று இதனைத் தயங்காமற் சொல்லலாம். மாரிகாலத்தில் மீக்கோங் நதி பெருகும்போது, ஏரியிலிருந்து நதிக்கு ஓடவேண்டிய ஆறு திசைமாறி, நதியிலிருந்து ஏரிக்கு ஓடுகிறது. கோடையில் ஏறக்குறைய 2,500 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள ஏரி அப்போது ஐந்தாறு மடங்காக விரிகிறது. மழை ஓய்ந்ததும் ஆறு மீண்டும் திரும்பிக்கொள்கிறது. ஏரியின் வடமேற்கு மூலையிலே பிறெக் துவால் என்னும் சரணாலயம் இருக்கிறது. வள்ளத்தில் ஏறி அங்கே சென்றோம். வெள்ளத்தில் நிற்கும் மரங்களின் உச்சியில் கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் நூற்றுக்கணக்கிற் குந்தியிருந்தன. மன்னாரிலும் நம் குடாநாட்டுக் கடனீரேரிகளிலும் காணும் அதே முகங்கள்! வழிகாட்டியாக வந்த இளைஞர் பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

இன்புளுவென்சா வைரசுக்களின் ஆதி இருப்பிடம் நீர்ப்பறவைகளின் உடல் என்பது உண்மையே. காட்டு வாத்துகளின் குடலிலே அவை நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. எச்சத்தோடு நீரிற் கலக்கின்றன. அந்த நீரைப் பருகும் மற்றொரு வாத்தின் குடலுக்குப் போகின்றன. ஆகவே வாத்துக்கு இது மூச்சினால் பரவும் நோய் என்பதைவிட நீரினாற் பரவும் நோய் என்பதே பொருந்தும். குளிர்ந்த நன்னீரில் வைரசு வாரக்கணக்கிலும், உறைபனி ஏரிகளில் மாதக்கணக்கிலும் தாக்குப்பிடிக்கும். வெயில் சுடும் குளத்திலோ அதன் ஆயுள் நாட்கணக்கிற் சுருங்கிவிடுகிறது. உப்பும் அதற்கு ஒவ்வாது. எனினும், மரத்தின் உச்சியில் இருந்த அந்தக் கூழைக்கடாவைப் பார்த்து அஞ்சுவதற்கு நமக்கு மனம் வரவில்லை. கம்போடியாவில் நோயுற்ற மக்களிற் பெரும்பாலோர் காட்டுப் பறவையை நெருங்கினவரல்லர். தம் வளவிலே நோயுற்றுச் செத்த கோழியைத் தூக்கினவர்கள், உரித்தவர்கள், சமைத்தவர்கள், அதனருகே விளையாடிய சிறுவர்கள்.

ஏரியிலே மிதக்கும் வீடுகளில் வாழ்வோர் ஏரி நீரையே முகந்து குடிக்கிறார்கள். செங்களிநிறமான அந்நீரைச் சாடியில் ஊற்றிப் படிக்காரத்தை இரண்டு சுற்றுச் சுற்றுகிறார்கள். சற்று நேரத்தில் மண் அடியிற் படிந்து மேல்நீர் பளிங்குபோல் ஆகிறது. நம் முன்னோர் தேற்றாங்கொட்டையை உரைத்துச் செய்ததும் இதுவே. ஆனால் தெளிந்த நீர் வேறு, தூய நீர் வேறு. கண்ணுக்குத் தெளிந்ததைக் காய்ச்சாமற் குடிக்கும் பழக்கத்தினால் ஏரிக் குழந்தைகள் வயிற்றோட்டத்துக்கு ஆளாகிறார்கள். பறவைக் காய்ச்சலுக்கு அஞ்சுகிறவர்கள் இந்தப் பழைய பகைவனை மறந்துவிடக் கூடாது.

அங்கோரிலிருந்து தலைநகராகிய நோம் பென்னுக்கு வந்தோம். தங்கிய விடுதியிலே, குழாய்நீரைக் குடிக்கலாமா என்று கேட்டபோது, மேசையிலிருந்தவர் பதில் சொல்லாமல் ஒரு குவளையில் நீர் பிடித்துத் தாமே குடித்துக் காட்டினார். அந்தப் பெருமிதத்துக்குக் காரணம் உண்டு. 1975 முதல் 1979 வரையான கொடுங்காலத்தில் அந்நகரம் ஆளற்று வெறுமையாக்கப்பட்டது. அதன்பின் உயிர்த்தெழுந்த நகரில், 1993ஆம் ஆண்டிலேகூட ஐவரில் ஒருவருக்கே குழாய்நீர் கிடைத்தது. அதுவும் நாளொன்றுக்குப் பத்து மணிநேரம்மட்டில். ஆலையை விட்டுப் புறப்பட்ட நீரில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் கசிந்தும் களவு போயும் மறைந்தது. அவ்வாண்டில் நீர்வழங்கல் அதிகாரசபையின் பொறுப்பை ஏற்ற எக் சொன் சான் என்னும் பொறியியலாளர், பழைய குழாய்களை மாற்றினார், களவிணைப்புகளை வெட்டினார், பதவியிலிருப்போர் வீடுகளுக்கும் மானி பூட்டிப் பணம் அறவிட்டார். சில ஆண்டுகளில் நாள் முழுவதும் நீர் ஓடியது. 2006இல் அவருக்கு ரமன் மகசேசே விருது கிடைத்தது. நல்ல நீர் கிடைப்பதற்கு நல்ல மழை மாத்திரம் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்தக் குழாயிலே பறவைக் காய்ச்சல் வருமா? உறவினரின் கணக்கு இங்கேதான் முதன்முதலிற் பிழைக்கிறது. இந்த வைரசு கொழுப்பினாலான மெல்லிய சட்டை ஒன்றை அணிந்திருக்கிறது. அந்தச் சட்டை கிழிந்தால் அதற்கு வாழ்வில்லை. குளோரீன் அதனை எளிதிற் கிழித்துவிடும். 2007இல் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்ட சோதனையில், லீற்றருக்கு அரை மில்லிகிராம் முதல் ஒரு மில்லிகிராம் வரை குளோரீன் இருந்த நீரில் எச்5என்1 வைரசு ஒரு நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக அருகியது. ஒழுங்காக நடக்கும் குழாய்நீர்த் திட்டங்களில் இட்டுவைக்கும் அளவும் ஏறக்குறைய அதுவே. செங்கண்மாரிக் காய்ச்சலின் வைரசும், வயிற்றைக் கெடுக்கும் வேறு சில கிருமிகளும் குளோரீனுக்கு இதனிலும் பன்மடங்கு விடாப்பிடியானவை. அவற்றை வெல்லுமாறு சுத்திசெய்த நீரில் பறவைக் காய்ச்சலுக்கு இடமில்லை. அத்தகைய நீரைக் குடித்து எவருக்கும் இந்நோய் வந்ததாக அறியப்படவில்லை. குழாய் இல்லாத வீட்டில் அடுப்பு இருக்கிறது. நீர் கொதித்தால் வைரசு மாண்டுபோகும்.

இந்த நிம்மதியோடு நாம் நகரைவிட்டுத் தென்கிழக்கே பிறே வெங் மாகாணத்துக்குப் பயணமானோம். நெயாக் லியூங் என்னுமிடத்தில் மீக்கோங்கைக் கடக்கவேண்டும். முன்னர் தோணிப்பாலத்துக்காகக் காத்துக் கிடந்த இடத்தில், 2015 முதல் யப்பானியர் உதவியோடு கட்டிய பெரும்பாலம் இருக்கிறது. அப்பால் கண்ணுக்கெட்டிய வரை வயல். அறுவடை முடிந்த தாள்களினூடே நூற்றுக்கணக்கான வாத்துகளை நீண்ட கம்புடன் ஒருவர் ஓட்டிச் சென்றார். சிந்திய நெல்லும் நத்தையும் வாத்துக்கு உணவு; ஒரு வயல் முடிந்தால் அடுத்த வயல். பேருந்திலிருந்து பார்க்க அழகிய காட்சி. ஆனால் வீட்டுக் கோழி இந்நோயால் விரைவிற் சாகும்; வாத்தோ பலமுறை நோயின் அடையாளமே இன்றி வைரசைச் சுமந்து திரியும். சாகும் கோழி எச்சரிக்கை தருகிறது. சாகாத வாத்து தருவதில்லை.

கம்போடியாவில் 2005 முதல் 2014 வரை 56 பேர் எச்5என்1 காய்ச்சலுக்கு ஆளாகி, அவர்களில் 37 பேர் இறந்தனர். பின்பு ஒன்பது ஆண்டுகள் மனிதரிடையே ஓசையில்லை. 2023 பெப்ருவரியில், நாம் சென்ற இதே பிறே வெங் மாகாணத்திற் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அதன்பின் ஆண்டுதோறும் நோயாளர் தோன்றுகின்றனர்; சிறுவர் அவர்களிற் பலர்.

எமது வழிகாட்டி இளைஞரின் உறவினர் வீடு அம்மாகாணத்துக் கிராமம் ஒன்றிலிருந்தது. தூண்களின்மேல் நிற்கும் மரவீடு. கீழே மாடும் கோழியும் ஊஞ்சற்படுக்கையும். முற்றத்தில் ஆளுயரச் சீமெந்துச் சாடிகள் மூன்று, கூரைநீரைச் சேர்ப்பதற்கு. கோடிப்புறத்திலே குளம். வீட்டுக்கார அம்மையார் கைகூப்பி வரவேற்று, மண்ணடுப்பிற் கொதித்துக்கொண்டிருந்த கேத்திலிலிருந்து தேநீர் வார்த்தார். "நாங்கள் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை, காய்ச்சித்தான் குடிப்போம்" என்று அவர் சொன்னதை இளைஞர் மொழிபெயர்த்தார். சாடிநீர் உள்ளவரை அது. கோடை முற்றிச் சாடி வறண்டால் குளத்துநீர், அதுவும் காய்ச்சியே. நமது வீடுகளிற் பலவற்றில் இவ்வளவு ஒழுங்கு உண்டா என்று நாம் மனத்துக்குள் நாணினோம்.

அப்போது கோடிப்புறத்தில் தொம்மென்று ஓசை கேட்டது. எட்டு வயது மதிக்கத்தக்க மகன் குளத்திற் பாய்ந்திருந்தான். அவனைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு வாத்துகள். வாயில் நீரை நிரப்பி வாத்தின்மேல் உமிழ்ந்து விளையாடினான். கரையிலே ஒரு பெண் கோழி ஒன்றை உரித்து அதே நீரிற் கழுவினாள்.

குடிக்கும் நீரைப்பற்றி அவ்வளவு கவனம். குளிக்கும் நீரைப்பற்றி ஒரு நினைவுமில்லை. இதுபற்றி ஆய்வாளர் தேடியிருக்கிறார்கள். 2006இல் கம்போடியக் கிராமங்களில் கோழிகள் இந்நோயால் மடிந்தபோது, வீட்டுச் சூழலிலிருந்து சேறு, குளத்துநீர், நீர்ச்செடி, மண் என 77 மாதிரிகளைச் சோதித்தனர். அவற்றுள் 27இல் வைரசின் மரபுத்துணுக்குகள் அகப்பட்டன. துணுக்கு அகப்பட்ட இடமெல்லாம் உயிருள்ள வைரசு இருந்ததாகக் கொள்ளலாகாது. எனினும் அது வந்துபோன தடம் அதுவே. அதே ஆண்டு நோய் கண்ட கிராமங்களில் 674 பேரின் குருதியைச் சோதித்தபோது ஏழு பேரிடம், நோய் வந்தது தெரியாமலே வந்துபோன அடையாளம் காணப்பட்டது. மற்றவரோடு ஒப்பிட்டால் அந்த ஏழு பேரிடம் மிகுந்திருந்த பழக்கம், வீட்டுக் குளத்திற் குளித்தலும் நீந்தலுமே. ஏழு பேர் என்பது சிறிய தொகை. அதைக்கொண்டு தீர்ப்பெழுத முடியாது. நோயுற்ற கோழியைக் கையாளுவதே முதலாவது ஆபத்து என்பதில் மாற்றமில்லை. ஆயினும் கண்ணிலும் மூக்கிலும் புகும் நீரையும், நீந்துகையில் விழுங்கும் மிடற்றையும் எந்தக் கேத்திலும் காய்ச்சித் தருவதில்லை.

இங்கே நம்மூர்க் கிணற்றை நினைத்துக்கொண்டோம். கட்டு எழுப்பிய கிணற்றிலே வாத்து இறங்காது. குளிப்பவரும் வெளியே நின்று வாளியால் வார்ப்பார். அவ்வகையில் நமது முன்னோர் நல்லதே செய்தனர். நமது கிணற்றுக்குப் பகை வானிலிருந்து வருவதன்று. பக்கத்து மலகூடக் குழியிலிருந்தும் தோட்டத்துக்கு இடும் உரத்திலிருந்தும் சுண்ணாம்புக்கல் வழியே கசிந்து வருவது.

"இந்த வீட்டுக்குக் கிணறு இல்லையா?" என்று கேட்டோம். இளைஞர் மாமரத்தின் பின்னே கைகாட்டினார். அங்கே ஒரு குழாய்க்கிணற்றின் கைப்பம்பு நின்றது. அதன் தலைக்குச் சிவப்பு வர்ணம் பூசியிருந்தார்கள்.

அந்தச் சிவப்புக்கு ஒரு கதை. குளத்துநீர் குடித்து மக்கள் நோயுறாதிருக்க, தொண்டு நிறுவனங்களும் அரசும் மீக்கோங் சமவெளியெங்கும் குழாய்க்கிணறுகளைத் தோண்டின. கிருமி இல்லாத குளிர்ந்த நீர் வந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டிச் சோதித்தபோதுதான், இமயத்திலிருந்து ஆறு கொண்டுவந்த வண்டலிலேயே பாஷாணம், அதாவது ஆசனிக்கு, இயற்கையாகக் கலந்திருக்கிறது என்பது தெரியவந்தது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. ஆண்டுக்கணக்கிற் குடித்தவரின் தோலிற் புள்ளியும் தடிப்பும் தோன்றும், புற்றுநோயும் வரலாம். காய்ச்சினாற் போகாது; நீர் வற்றுவதால் செறிவு சற்றுக் கூடவே செய்யும். ஆகவே சோதித்துப் பார்த்து, நல்ல கிணற்றுக்குப் பச்சை, தீய கிணற்றுக்குச் சிவப்பு என்று வர்ணமிட்டனர்.

சிவப்பு என்றால் நஞ்சு என்று பள்ளியிலும் கோயிலிலும் சொல்லிக் கொடுத்தார்கள். அம்மையாரும் அதை மனத்திற் பதித்து, மகன் அந்தப் பம்பின் பக்கம் போகாதபடி வளர்த்திருக்கிறார். விளைவு என்ன? காய்ச்சினால் நல்லதாகும் குளத்துநீரிற் பையன் வாத்துகளோடு குளிக்கிறான்; குடிக்க ஆகாதது, ஆனால் குளிக்க ஆவது, மாமரத்தின் பின்னே வீணாக நிற்கிறது. ஆசனிக்குத் தோல்வழியே உடலுட் செல்வது மிகக் குறைவு. அந்நீரிற் குளிக்கலாம், துணி துவைக்கலாம், கை கழுவலாம். குடிக்கவும் சோறு சமைக்கவும் மாத்திரமே கூடாது. அபாயத்தைச் சிவப்பினாற் சொன்னவர்கள் இந்த மீதிப் பாதியைச் சொல்ல மறந்தார்களோ, சொன்னதை வர்ணம் விழுங்கிவிட்டதோ!

இதை இளைஞர் எடுத்துச் சொன்னபோது அம்மையார் உடனே நம்பவில்லை. "நஞ்சென்றும் நீங்களே சொல்கிறீர்கள், குளி என்றும் நீங்களே சொல்கிறீர்கள்" என்றார். நியாயமான கேள்வி. வாத்துகளை விற்றுவிடலாமே என்று நாம் சொல்லத் துணியவில்லை. அவற்றின் முட்டைப் பணத்திலேதான் பையனின் பள்ளிச் செலவு நடக்கிறது. குளத்தின் ஒரு மூலையை மூங்கிற் தட்டியால் அடைத்து வாத்துகளை அதற்குள் விடலாமா என்று இளைஞர் கேட்டார். நீர் ஒன்றுதானே, தட்டி நீரைப் பிரிக்குமா என்று அவர் திருப்பிக் கேட்டார். அதற்கும் நம்மிடம் மறுமொழி இல்லை. சேறு கலங்கிய குளத்திலே குளோரீன் இடுவதும் பயனில்லை. சேறும் இலைச்சருகும் மருந்தை முதலில் உண்டுவிடும்.

நெடுநேரம் கழித்து அம்மையார் எழுந்து மகனைக் கூப்பிட்டார். மாமரத்தடிக்கு வாளி போயிற்று. நெடுநாள் ஓய்ந்திருந்த பம்பு முனகிக்கொண்டு முதலிற் காற்றையும், பிறகு துருநிற நீரையும், கடைசியில் தெளிந்த நீரையும் தந்தது. இரும்பு மணக்கிறது என்று பையன் முகஞ்சுளித்தான். சவர்க்காரம் நுரைக்கவில்லை என்றும் முறையிட்டான். வாயைத் திறவாதே என்று தாய் அதட்டினார். வாளி முடிந்தபின், கோடைக்கென்று காத்து வைத்திருந்த சாடியின் மூடியைத் திறந்து, ஒரேயொரு அகப்பை மழைநீரை அள்ளி அவன் தலையில் ஊற்றினார்.